மீன் பார்க்கும் மிஷினும் புள்ளை பார்க்கும் மிஷினும்

1/
டொராண்டோவில் இருக்கும் அக்கா பையன் போன வாரம் ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். கடிகாரம் மாதிரி வட்டமா ஒரு டயல். அதுல சிவப்பு, ஆரஞ்சு, பச்சைனு சின்னச் சின்னக் கோடுகள். கீழே மெசேஜ்: "மாமா, ஐஸ் ஃபிஷிங் போக ஆரம்பிச்சிருக்கேன். இதுக்குப் பேரு ஃபிளாஷர். முதல் தடவையா வாங்கப் போறேன், எதை வாங்கலாம்? பார்த்தா உங்க ஸ்கேன் மிஷின் மாதிரியே இருக்கு, அதான் உங்ககிட்ட கேக்குறேன்."

2/
நான் இருக்கிறது வெள்ளக்கடையில், ஏற்காடு மலை. டிசம்பர்ல இங்க மூடுபனி வந்தா எதிர்ல வர்ற பைக் தெரியாது, அவ்வளவுதான். ஏற்காடு ஏரி உறைஞ்சு நான் பார்த்ததில்லை. உறைஞ்ச ஏரி மேல உக்காந்து, ஐஸைத் துளை போட்டு மீன் பிடிக்கிறதை எல்லாம் வீடியோவுலதான் பார்த்திருக்கேன்.

ஆனா பையன் கேட்டது தப்பான ஆள்கிட்ட இல்ல. ஸ்கேன் மிஷினும் இந்த மீன் மிஷினும் ஒரே வயித்துல பொறந்ததுங்க. அவனுக்குப் பதில் எழுத ஆரம்பிச்சேன், அது நீண்டுக்கிட்டே போச்சு. சரி, எல்லாருக்குமே சொல்லிடலாம்னு இந்த இழை. கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வாங்க.

3/
முதல்ல ஃபிளாஷர்னா என்ன?

தண்ணிக்குள்ள ஒரு சின்ன உருளையைத் தொங்க விடுவாங்க. பேரு டிரான்ஸ்டியூசர். அது நம்ம காதுக்குக் கேட்காத ஒரு சத்தத்தைக் கீழ் நோக்கி அனுப்பும். சத்தம் ஏரித் தரையில பட்டுத் திரும்பி வரும். நடுவுல மீன் இருந்தா அதுல பட்டுக் கொஞ்சம் முன்னாடியே வரும். எவ்வளவு நேரத்துல திரும்புதோ அதை வெச்சு ஆழம்.

உறையற குளிர்ல இருக்கிற ஏரித் தண்ணியில சத்தம் ஒரு நொடிக்கு சுமார் 1400 மீட்டர் போகும். 30 அடி ஆழம்னா, போய்ட்டு வர 13 மில்லி செகண்ட்.

4/
இந்த 13 மில்லி செகண்டைக் கண்ணுக்கு எப்படிக் காட்டுறது? பழைய ஆளுங்க பண்ணின வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு சின்ன மோட்டார், அதுல சுத்துற ஒரு தட்டு, தட்டோட ஓரத்துல ஒரு நியான் விளக்கு. விளக்கு உச்சியில, அதாவது பூஜ்யத்துல இருக்கும்போது சத்தம் கிளம்பும். எதிரொலி திரும்பின கணத்துல விளக்கு ஒரு தடவை மின்னும். அதுக்குள்ள தட்டு எவ்வளவு தூரம் சுத்தியிருக்கோ, அதுதான் ஆழம். தட்டு வேகமா சுத்துறதால நம்ம கண்ணுக்கு அது ஒரே இடத்துல நிக்கிற கோடா தெரியும்.

கம்ப்யூட்டர் இல்ல, திரை இல்ல. 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் கார்ல் லோரன்ஸ்ங்கிறவரும் அவர் மகன்களும் டிரான்சிஸ்டர் வெச்சு, கையில தூக்கிட்டுப் போற மாதிரி இதைச் செஞ்சாங்க. "சின்னப் பச்சைப் பெட்டி"ன்னு மீன் பிடிக்கிறவங்க செல்லப் பேரே வெச்சாங்க. இன்னைக்கு ஐஸ் மேல வெச்சிருக்கிற ஃபிளாஷர்கள் அந்தப் பெட்டியோட பேரப் பிள்ளைங்க.

5/
எங்க பாஷையில இதுக்கு ஏ-மோட்னு பேரு. ஒரே ஒரு கோட்டுல சத்தத்தை அனுப்பி, ஒரே கோட்டுல எதிரொலியைப் படிக்கிறது. பழைய கதைன்னு நினைக்காதீங்க. உங்க வீட்டுல யாருக்காவது கண்புரை ஆபரேஷன் நடந்திருக்கா? லென்ஸ் பவர் கணக்கிடறதுக்காகக் கண் முன்னாடி ஒரு பேனா மாதிரி வெச்சு அளந்திருப்பாங்க. நிறைய இடங்கள்ல அது ஏ-ஸ்கேன். கருவிழியில இருந்து விழித்திரை வரைக்கும் சுமார் 23, 24 மில்லி மீட்டர். அந்த 'ஏரி'யோட ஆழத்தைத்தான் அளக்குறாங்க.

6/
இப்ப வரலாறு.

1826 நவம்பர். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரி. கொலடோன், ஸ்டுர்ம்னு ரெண்டு பேர். ஒரு படகுல இருந்து தண்ணிக்குள்ள மணி தொங்குது. மணியை அடிக்கும் அதே நொடி படகு மேல கொஞ்சம் வெடிமருந்து பத்திக்கும். 13 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இன்னொரு படகுல கொலடோன். நீளமான ஒரு குழாயைத் தண்ணியில விட்டு, மறு முனையில காதை வெச்சிருக்கார். ராத்திரி நேரம். வெளிச்சம் தெரிஞ்சதும் கடிகாரத்தை ஓட்டுவார், மணிச் சத்தம் கேட்டதும் நிறுத்துவார். ஒன்பது நொடிக்குக் கொஞ்சம் மேல. கணக்குப் போட்டா நொடிக்கு 1435 மீட்டர். அந்தக் குளிர் தண்ணிக்கு இன்னைக்கு நாம சொல்ற கணக்குல இருந்து சில மீட்டர்தான் வித்தியாசம்.

மணி, வெடிமருந்து, ஒரு குழாய். எனக்கு எம்.பி.பி.எஸ். முதல் வருஷத்துல இதை யாராவது இப்படிச் சொல்லியிருந்தா பிசிக்ஸை இன்னும் கொஞ்சம் மதிச்சிருப்பேன்.

7/
அதுக்கப்புறம் 86 வருஷம் இதை யாரும் பெருசா எடுத்துக்கல. 1912 ஏப்ரல் 15 விடியற்காலை டைட்டானிக் மூழ்குது. 1500 பேருக்கு மேல சாவு. ஐஸ் மலையை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதான்னு உலகமே கேக்குது.

ரிச்சர்ட்சன்ங்கிற பிரிட்டிஷ்காரர் சில நாள்லயே எதிரொலி மூலமா பனிப்பாறையைக் கண்டுபிடிக்கிற யோசனைக்குக் காப்புரிமை கேட்டு மனு போடுறார். ஜெர்மனியில அலெக்சாண்டர் பேம் அதே நோக்கத்தோட ஆரம்பிக்கிறார். ஐஸ்ல இருந்து எதிரொலி சரியா வரல, கடல் தரையில இருந்து அருமையா வருது. 1913-ல் அவர் காப்புரிமை வாங்கினது கடல் ஆழம் அளக்கிற கருவிக்கு.

8/
கடைசியில ஐஸைக் கண்டுபிடிச்சது கனடாவில் பிறந்த ரெஜினால்ட் ஃபெசண்டன். 1914 ஏப்ரல் 27, அட்லாண்டிக்ல 'மயாமி'ங்கிற கப்பல். சுமார் ரெண்டு மைல் தள்ளி இருந்த பனிமலையோட எதிரொலி வந்துச்சு. கூடவே கடல் தரையோட எதிரொலியும்.

ஐஸ் எங்க இருக்குன்னு பார்க்கத்தான் இந்தக் கருவியே பொறந்துச்சு. நூறு வருஷம் கழிச்சு, அதே கனடாவுல, எங்க வீட்டுப் பையன் ஐஸ் மேல ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிட்டு அதே கருவியில மீன் பார்க்கிறான்.

9/
அடுத்து போர். ஜெர்மன் நீர்மூழ்கிகளைப் பிடிக்க பிரான்ஸ்ல பால் லாஞ்சவின் இறங்குறார். இவர் பியர் கியூரியோட மாணவர். பியரும் அவர் அண்ணனும் 1880-ல் கண்டுபிடிச்ச ஒரு விஷயம்: குவார்ட்ஸ் மாதிரி சில படிகங்களை அழுத்தினா மின்சாரம் வரும். மறுபக்கம், மின்சாரம் கொடுத்தா படிகம் அதிரும். லாஞ்சவின் அதையே ஒலிபெருக்கியாவும் காதாவும் ஆக்கிட்டார்.

இன்னைக்கு நான் வயித்து மேல வெச்சு நகர்த்துற புரோபுக்குள்ள இருக்கிறதும் அதே தத்துவம்தான். குவார்ட்ஸுக்குப் பதிலா வேற பொருள், அவ்வளவுதான்.

அவர் இன்னொன்னும் கவனிச்சார். தொட்டியில் இருந்த மீன்கள் அந்தக் கருவிக்குப் பக்கத்தில் போனதும் செத்துச்சு. தண்ணிக்குள்ள கையை விட்டவங்களுக்கு வலிச்சுது. "ஸ்கேன் எடுத்தா புள்ளைக்கு ஆகாதாமே டாக்டர்"னு கேக்குறவங்க பயப்பட வேண்டாம். அந்தச் சக்தி அளவு வேற, நாங்க நோய் பார்க்கப் பயன்படுத்துற அளவு வேற. அதே சமயம், தேவையில்லாம எடுக்கக் கூடாதுங்கிறதும் உண்மை.

10/
மீனுக்கு எப்ப வந்துச்சு? 1930-களில். நார்வேல ஆஸ்கர் சுண்ட்ங்கிற விஞ்ஞானி கப்பல்ல இருந்த ஆழமானியில காட் மீன் கூட்டம் பதிவாகிறதைப் பார்த்து 1935-ல் 'நேச்சர்' இதழ்ல போட்டார். ஜப்பான்ல நாகசாகியைச் சேர்ந்த ஃபுருனோ சகோதரர்கள் 1948-ல் மீனவங்க படகுல வைக்கிற மாதிரி மிஷினை வித்தாங்க. இன்னைக்கும் நம்ம ஊர் விசைப்படகுகள்ல ஃபுருனோ பேரைப் பார்க்கலாம்.

மீன்ல இருந்து ஏன் எதிரொலி வருது? மீன் சதை கிட்டத்தட்ட தண்ணி மாதிரிதான், சத்தம் ஊடுருவிப் போயிடும். பெரும்பாலும் திருப்பி அனுப்புறது மீனோட வயித்துக்குள்ள இருக்கிற காத்துப்பை. தண்ணியும் காத்தும் சந்திக்கிற இடத்துல சத்தம் அப்படியே திரும்பிடும்.

11/
இதே காரணத்துக்காகத்தான் நாங்க வயித்துல அந்தச் சில்லுனு இருக்கிற ஜெல்லைத் தடவுறோம். புரோபுக்கும் தோலுக்கும் நடுவுல ஒரு முடி கனத்துக்குக் காத்து இருந்தாலும் ஒண்ணும் தெரியாது. ஐஸ் ஃபிஷிங்லயும் அதே. டிரான்ஸ்டியூசரைத் துளை வழியா தண்ணிக்குள்ளயே விடணும். ஐஸ் மேலயே வெச்சுப் பார்க்கணும்னா கண்ணாடி மாதிரி தெளிவான ஐஸா இருக்கணும், மேல தண்ணி ஊத்தி ஈரமாக்கணும். வெள்ளையா, குமிழோட இருக்கிற ஐஸ்ல வேலைக்காகாது. குமிழ்னா காத்து.

12/
நம்ம கடல்ல இந்த மிஷின் வர்றதுக்கு முன்னாடி என்ன செஞ்சாங்க? கன்னியாகுமரிக் கரையில இதுக்குக் கணியம்னு ஒரு கலை இருக்கு. கடல்ல இருந்துகிட்டு கரையைப் பார்க்கணும். ஒரு மலை உச்சியும் ஒரு கோபுரமும் ஒரே நேர்க்கோட்டுல வருதா? இன்னொரு பக்கம் வேற ரெண்டு அடையாளம் ஒத்து வருதா? ரெண்டு கோடும் வெட்டுற இடத்துக்கு நேர் கீழே பார், அதாவது மீன் அண்டுற பாறைத்திட்டு. கயித்துல ஈயக்கட்டி கட்டி இறக்கி ஆழம் பார்ப்பாங்க. இந்தப் பட்டியல் முழுக்க அப்பா தலையில இருந்து மகன் தலைக்குப் போறது.

தூத்தூர்க்காரங்க இன்னைக்கு ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் எல்லாம் வெச்சு ஆழ்கடல் முழுக்கப் போறாங்க. மிஷின் வந்ததும் கணியம் தெரிஞ்ச பெரியவருக்குப் படகுல இருந்த மரியாதை என்ன ஆச்சுன்னு அந்த ஊர்க்காரங்கதான் எழுதணும்.

13/
சரி, கடல்ல இருந்து ஆஸ்பத்திரிக்கு எப்படி ஏறுச்சு? கப்பல் கட்டுற இடம் வழியா. உலோகத்துக்குள்ள விரிசல் இருக்கான்னு பார்க்க இதே எதிரொலி மிஷினைத் தொழிற்சாலைகள்ல வெச்சிருந்தாங்க.

ஸ்வீடன்ல எட்லர்ங்கிற இதய மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ்ங்கிற இயற்பியல்காரரும் கப்பல் கட்டும் தளத்துல இருந்து அந்த மிஷினை ஒரு வார இறுதிக்கு இரவல் வாங்கிப் பார்த்துட்டு, 1953-ல் மனுஷ இதயத்தோட எதிரொலியைப் பதிவு பண்ணினாங்க. உங்களுக்கு எடுக்கிற 'எக்கோ' அங்க ஆரம்பிச்சதுதான். மெகா ஹெர்ட்ஸ்னு சொல்றோமே, அந்த ஹெர்ட்ஸ் இவருக்குத் தாத்தா முறை.

14/
எனக்குப் பிடிச்ச கதை கிளாஸ்கோ. இயன் டொனால்ட், மகப்பேறு மருத்துவப் பேராசிரியர். போர்ல விமானப்படையில இருந்தவர், அதனால ரேடார் சோனார் எல்லாம் பழக்கம். அவர்கிட்ட வைத்தியம் பார்த்த ஒரு அம்மாவோட கணவர் பாய்லர் கம்பெனியில பெரிய பதவி. 1955 ஜூலை 21 அன்னைக்கு டொனால்ட், ஆபரேஷன்ல எடுத்த கர்ப்பப்பைக் கட்டிகள், சினைப்பை நீர்க்கட்டிகள் எல்லாத்தையும் கார் டிக்கியில ஏத்திக்கிட்டு அந்தத் தொழிற்சாலைக்குப் போறார். ஒப்பிட்டுப் பார்க்க கம்பெனிக்காரங்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டை வெச்சிருக்காங்க. பாய்லர் விரிசல் பார்க்கிற மிஷினை வெச்சா, நீர்க்கட்டிக்கு ஒரு மாதிரி கோடு, சதைக்கட்டிக்கு வேற மாதிரி கோடு.

அப்புறம் டாம் பிரவுன்ங்கிற இளம் இன்ஜினியர் வந்து சேர்றார். அவர் வேலை பார்த்த கெல்வின் ஹியூஸ் கம்பெனி கப்பல்களுக்கு ஆழமானி செய்யற கம்பெனி. சொன்னேன்ல, ஒரே வயிறுன்னு.

15/
ஒரு பெண்மணி. வயிறு ஊதியிருக்கு, உடம்பு தேயுது. வயித்துப் புத்துநோய், இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னு மத்தவங்க கைவிட்டாச்சு. டொனால்ட் மிஷினை வெச்சுப் பார்த்தா, புத்துநோய் மாதிரி தெரியல. பெரிய நீர்க்கட்டி. ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. அவங்க பிழைச்சாங்க.

1958 ஜூன் 7 'லான்செட்' இதழ்ல கட்டுரை வந்துச்சு. டொனால்ட், மெக்விகர், பிரவுன். அதுல குழந்தையோட தலையும் இருந்துச்சு. அதுக்கு முன்னாடி வயித்துக்குள்ள இருக்கிற குழந்தையை எக்ஸ்ரே இல்லாம யாரும் இப்படிப் பார்த்தது கிடையாது.

16/
"நிறைய தண்ணி குடிச்சுட்டு, மூத்திரத்தை அடக்கிக்கிட்டு வாங்க"ன்னு ஸ்கேன் சென்டர்ல விரட்டுறாங்களே, அதுவும் கிளாஸ்கோதான், 1963. மூத்திரப்பை நிறைஞ்சிருந்தா குடலைத் தள்ளிவிட்டு, நடுவுல ஒரு ஏரி மாதிரி நிக்கும். சத்தம் அந்தத் தண்ணி வழியா போய் கர்ப்பப்பையைக் காட்டும்.

அறிவியல் சரி. ஆனா எங்க மலைப் பெண்களை நினைச்சுப் பாருங்க. ஏற்காட்டுல இருந்து சேலம் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. ஆரம்ப மாசம், ஏற்கனவே குமட்டல். ரெண்டு லிட்டர் தண்ணியைக் குடிச்சுட்டு பஸ்ல நின்னுக்கிட்டு வர்றாங்க. நான் கீழே சேலத்துல வேலை பார்த்த காலத்துல இப்படி வந்து வாசல்லயே அழுத ஒரு அம்மாவைப் பார்த்ததுக்கு அப்புறம்தான், "மலையில இருந்து வர்றவங்க அடக்கிக்கிட்டு வர வேண்டாம், இங்க வந்து தண்ணி குடிங்க, உக்காருங்க"ன்னு எழுதி ஒட்டினேன். இது முன்னாடியே தோணியிருக்கணும்.

17/
இனி எழுதறது எனக்குக் கஷ்டமான பகுதி.

நான் முதன்முதலா சொந்தமா கையில எடுத்த ஸ்கேன் மிஷின் ஒரு செகண்ட் ஹேண்ட் கறுப்பு வெள்ளை. 1990-களின் ஆரம்பம். சேலம் மாவட்டம் அப்ப எதுக்குப் பேர் போனதுன்னு வயசானவங்களுக்குத் தெரியும். 1991 சென்சஸ்ல ஆறு வயசு வரைக்குமான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகள். இயற்கையா விட்டா 950-ஐ ஒட்டி இருக்கணும். அந்த நூறு பேர் எங்கே போனாங்க? கள்ளிப்பால், நெல்லுமணி. நான் விவரிக்கப் போறதில்ல. 1992-ல் அரசாங்கம் தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதல்ல ஆரம்பிச்சது இந்தச் சேலத்துலதான். வேண்டாம்னா கொல்லாதீங்க, தொட்டில்ல போட்டுட்டுப் போயிடுங்கன்னு ஒரு அரசாங்கம் சொல்ல வேண்டி வந்துச்சு.

18/
அந்த நேரத்துல ஊருக்குள்ள வந்து இறங்கின மிஷின் இது. கள்ளிப்பாலுக்குக் காத்திருக்கணும், மனசு கலங்கும், போலீஸ் வரும். மிஷின் அந்த வேலையைச் சுத்தமா, ஏசி ரூம்ல, ரசீது போட்டு முன்கூட்டியே முடிச்சுக் கொடுத்துச்சு. வட இந்திய நகரங்கள்ல இன்னைக்கு ஐந்நூறு செலவு பண்ணுங்க, நாளைக்கு வரதட்சணை மிச்சம்ங்கிற ரீதியில விளம்பரமே வெச்சாங்க. நம்ம ஊர்ல போர்டு வைக்கல. வாய்வழியா போதுமானதா இருந்துச்சு.

19/
1993-ன்னு நினைக்கிறேன். மிஷின் இருந்த நர்சிங் ஹோம் வேறொருத்தருடையது, நான் சாயங்காலம் போய்ப் பார்ப்பேன். ஒரு அம்மா வந்தாங்க, 25, 26 வயசு இருக்கும். ரெண்டு பொண்ணுங்க. மூணாவது. குழந்தை நல்லா இருக்கு, தலை சரி, தண்ணி சரின்னு சொன்னேன். "என்ன குழந்தைங்க சார்?"னு கேட்டாங்க. சட்டம் எதுவும் இல்லாத காலம். கேட்டா சொல்றது வழக்கம். "பொண்ணு மாதிரி தெரியுதும்மா"ன்னு சொன்னேன். மிஷினோட தெளிவுக்கு அது தப்பாக்கூட இருந்திருக்கலாம்.

அடுத்த மாசம் அவங்க வரல. கொஞ்ச நாள் கழிச்சு பஸ் ஸ்டாண்டுல பார்த்தேன். வயிறு இல்ல. அவங்களும் என்னைப் பார்த்தாங்க. நான் எதுவும் கேட்கல, அவங்களும் எதுவும் சொல்லல.

20/
தெரிஞ்சு பண்ணலைன்னு சொல்லலாம். ஆனா எதுக்குக் கேக்குறாங்கன்னு எனக்குத் தெரியாதா? அந்த ஊர்ல, அந்த வருஷத்துல, ரெண்டு பொண்ணு வெச்சிருக்கிற ஒரு அம்மா கேட்டா எதுக்குன்னு தெரியாத டாக்டர் யாரு?

இயன் டொனால்ட் கருக்கலைப்பைக் கடுமையா எதிர்த்தவர். 1967-ல் பிரிட்டன்ல வந்த சட்டத்துக்கு எதிரா பேசினவர். வயித்துக்குள்ள துடிக்கிற குழந்தையைக் காட்டினா ஜனங்க மனசு மாறும்னு நம்பினார். அவரோட மிஷின் எங்க ஊருக்கு வந்து என்ன செஞ்சுச்சுன்னு நினைச்சா எனக்கு இன்னைக்கும் ஒரு மாதிரி இருக்கும். கருக்கலைப்புச் சட்டத்துல அவரோட கருத்தோட எனக்கு உடன்பாடு கிடையாது. பாதுகாப்பான கருக்கலைப்பு இல்லாம செத்த பெண்களையும் நான் பார்த்திருக்கேன். இது வேற விஷயம். இங்க வேண்டாம்னு முடிவு பண்ணினது குழந்தையை இல்ல, பொண்ணை.

21/
1988-ல் மகாராஷ்டிரா முதல்ல தடுத்துச் சட்டம் போட்டுச்சு. நாடு முழுக்கன்னு 1994-ல் சட்டம் நிறைவேறி 1996 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்துச்சு. பேப்பர்ல இருந்துச்சுன்னு சொல்றதுதான் சரி. 2000-ல் சில அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனாங்க. மிஷினை யார் யாருக்கு வித்தீங்கன்னு கம்பெனிகள்கிட்டயே பட்டியல் கேட்டுச்சு கோர்ட். 2003-ல் சட்டத்தைத் திருத்தி இறுக்கினாங்க.

சேலம் கணக்கு: 2001-ல் 851. பத்து வருஷத்துல ரெண்டே ரெண்டு ஏறியிருக்கு. 2011-ல் 910-ஐத் தாண்டிச்சு. சட்டம், தொட்டில், படிப்பு, அலைஞ்சு திரிஞ்ச கிராம நர்சுங்க, எல்லாம் சேர்ந்துதான்.

22/
இதனால இன்னைக்கு ஒரு டாக்டர் முதல் ஸ்கேன் மிஷின் வாங்குறது எப்படின்னா: முதல்ல இடத்தைப் பதிவு பண்ணணும். பதிவு இல்லாதவங்களுக்கு கம்பெனி விக்கவே கூடாது. சான்றிதழ் சுவர்ல தொங்கணும். ஆணா பெண்ணான்னு இங்க சொல்ல மாட்டோம்னு உள்ளூர் பாஷையில போர்டு வைக்கணும். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் எஃப் படிவம். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். மிஷின் ஒரு லேப்டாப் அளவுக்குச் சுருங்கிடுச்சு, ஆனா 2012 விதிகளுக்கு அப்புறம் அதைப் பையில போட்டுக்கிட்டு ஊர் ஊரா போக முடியாது. பதிவு பண்ணின வளாகம், இல்லன்னா விதிப்படி இயங்குற நடமாடும் மருத்துவ வண்டி.

எங்க அக்கா பையன் அவன் சோனாரை ஆன்லைன்ல ஆர்டர் போட்டா ரெண்டு நாள்ல வாசல்ல இருக்கும்.

23/
இந்த விதியால நஷ்டப்படுறதும் மலைதான். கையடக்க மிஷினைத் தூக்கிட்டு ஜீப்ல ஒரு மலைக் கிராமத்துக்குப் போய், நஞ்சு கீழே இருக்கா, குழந்தை திரும்பியிருக்கான்னு பத்து நிமிஷத்துல பார்த்துடலாம். முடியாது. அவங்கதான் இறங்கி வரணும். எத்தனையோ தடவை எரிச்சல் பட்டிருக்கேன். என்கூடப் படிச்சவங்க பலர் இந்தச் சட்டத்தைத் திட்டுவாங்க, படிவத்துல ஒரு கட்டம் விட்டுப்போனதுக்கெல்லாம் மிஷினுக்கு சீல் வெச்சுட்டாங்கன்னு. அதுல நியாயம் இருக்கு.

ஆனா நான் திட்ட வாய் எடுக்கும்போதெல்லாம் அந்த பஸ் ஸ்டாண்ட் ஞாபகம் வந்துடும்.

24/
சரி, பையன் கேட்ட கேள்விக்கு வர்றேன். மாப்ள, இதை நல்லா படி.

நீ போறது சிம்கோ ஏரி. ஆழமான இடம் 40 மீட்டர் வரைக்கும் போகும். ஃபிளாஷர்ல பெரும்பாலும் 200 கிலோ ஹெர்ட்ஸை ஒட்டித்தான் இருக்கும். அதோட அலைநீளம் 7 மில்லி மீட்டர். எங்க வயித்து ஸ்கேன் 3.5 மெகா ஹெர்ட்ஸ், அரை மில்லி மீட்டருக்கும் கீழே. அதிர்வெண் ஏற ஏற நுணுக்கம் கூடும், ஆழம் குறையும். தைராய்டுக்கு ஒரு புரோப், கல்லீரலுக்கு ஒரு புரோப்னு நாங்க மாத்துறது இதனாலதான்.

நீ பார்க்க வேண்டியது கூம்போட கோணம். 20 டிகிரின்னா ஆழத்துல மூணுல ஒரு பங்கு அகலம் தெரியும். 30 அடியில பத்தடி வட்டம். 9 டிகிரின்னா அதே ஆழத்துல அஞ்சடிக்கும் கம்மி. ஆழம் கம்மியான இடத்துல பெர்ச் பிடிக்க அகலமானது. ஆழத்துல ட்ரவுட், ஒயிட்ஃபிஷ் பிடிக்கக் குறுகலானது. சரிவான தரையில அகலக் கூம்பை வெச்சா தரையோட ஒட்டின மீன் மறைஞ்சுடும்.

25/
ரெண்டாவது, கிட்டக் கிட்ட இருக்கிற ரெண்டு பொருளைத் தனித்தனியா காட்டுமா? தூண்டில் இரையும் மீனும் ஓரிரு அங்குலம் தள்ளி இருந்தா ரெண்டு கோடா தெரியணும். அனுப்புற சத்தத் துடிப்பு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. எங்க மிஷின்லயும் இதே விதிதான்.

மூணாவது, பக்கத்துல நாலு பேர் அதே மாதிரி ஃபிளாஷரோட உக்காந்தா உன் டயல் தீபாவளி ஆயிடும். குறுக்கீட்டை விலக்குற பட்டன் நல்லா வேலை செய்யுதான்னு பாரு.

நாலாவது பேட்டரி. பழைய ஈய பேட்டரி குளிர்ல சக்தி இழக்கும், கனமும் ஜாஸ்தி. லித்தியம் இலகு, ஆனா உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் போடாதே, வீட்டுக்குள்ள கொண்டு வந்து போடு.

வெக்சிலார், மார்க்கம், ஹம்மின்பேர்ட் எது வாங்கினாலும் சரி, இந்த நாலையும் கேட்டுட்டு வாங்கு. நான் கம்பெனி சொல்ல மாட்டேன். எனக்கு மாத்திரை கம்பெனியே சொல்லிப் பழக்கம் இல்ல.

26/
கெய்ன் குமிழை மட்டும் புதுசா வர்ற டாக்டர்ங்க மாதிரி முழுசா ஏத்திடாதே. எல்லாம் பளபளன்னு தெரியும், எதுவும் தெரியாது. கீழே இருந்து ஏத்திக்கிட்டே வா. உன் இரை ஒரு மெல்லிய கோடா தெரிய ஆரம்பிக்கிற இடத்துல நிறுத்து.

மாமாவா இல்லாம டாக்டரா ரெண்டு வார்த்தை. நடந்து போக தெளிவான புது ஐஸ் குறைஞ்சது 4 அங்குலம் இருக்கணும். கூடாரத்துக்குள்ள ஹீட்டர் வெச்சா காத்துக்கு வழி விடு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தலைவலியும் தூக்கமும்தான் முதல் அறிகுறி. தனியா போகாதே. இதை உங்க அம்மாகிட்ட சொல்ல மாட்டேன், ஆனா நீ செய்யணும்.

27/
அவன் வாங்கிட்டான். நேத்து ராத்திரி, அதாவது அவனுக்குக் காலையில, ஐஸ் மேல இருந்து டயலோட போட்டோ. உச்சியில சிவப்பு, கீழே தரை சிவப்பு, நடுவுல ரெண்டு பச்சைக் கோடு. "மாமா, இதுல எது மீன், எது என் தூண்டில்?"

தூண்டிலை ஒரு அடி மேல தூக்குடான்னு எழுதினேன். கூடவே உடனே ஏறுற கோடு உன் இரை. ஒரு நொடி தயங்கிட்டு, அதுக்குப் பின்னாடியே இன்னொரு கோடு ஏறி வந்துச்சுன்னா, அதுதான் மீன்.